மணலும் சக்கரமும்

சக்கரம் மனிதன் கண்ட கருவிகளுள் தலையாயது என்று பள்ளி நூல்கள் கூறுகின்றன. அது மெய்யே. ஆயினும் அம்மெய்யின் மற்றொரு பாதியை நாம் மறந்துவிடுகிறோம். சக்கரத்தின் பெருமையில் பாதி சாலைக்கு உரியது. ஆற்று மணலில் இறங்கிய பாரவண்டியைப் பாருங்கள். கட்டாந்தரையில் இரண்டு மாடுகள் எளிதாக இழுத்து வந்த சுமைக்கு அங்கே மேலும் ஒரு சோடி மாடும், பின்னாலிருந்து தோள் கொடுக்க நாலைந்து ஆட்களும் வேண்டியிருக்கிறது.

மாட்டு வண்டியிலாவது தரையை உந்துவது மாட்டின் கால். சக்கரம் வெறுமனே உருண்டு வருகிறது. மோட்டார் லாரியின் நிலைமை வேறு. அங்கே சுமையைத் தாங்குவதும் சக்கரம், தரையை உந்துவதும் சக்கரம், திரும்புவதும் சக்கரம், நிற்பதும் சக்கரமே. இந்த நான்கு பணிகளும் டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறிய இடத்திலேயே நிகழ வேண்டும். சாலையை விட்டு மணலிலோ சேற்றிலோ மலைச் சரிவிலோ இறங்கிய லாரிக்கு இதனால் இரண்டு தொல்லைகள் நேர்கின்றன. ஒன்று, பிடிப்புத் தவறுதல்: சக்கரம் சுழல்கிறது, வண்டி நகர்வதில்லை. மற்றொன்று, நிலை தவறுதல்: வண்டி வழுக்கிப் பக்கவாட்டில் சரிகிறது; அல்லது உருண்டே விடுகிறது. இவ்விரு தொல்லைகளையும் மனிதன் எவ்வாறு எதிர்த்தான் என்பதே இன்று நாம் காணப் புகும் வரலாறு. இதில் எந்திரத்தின் கதையும் உண்டு. நிலத்தைப் படிக்கக் கற்ற மனிதனின் கதையும் உண்டு. இரண்டில் எது பெரிது என்பதை முடிவில் நீங்களே தீர்மானிக்கலாம்.

முதலில் ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். பிடிப்பைக் கெடுக்கும் பகைவன் லாரிக்குள்ளேயே இருக்கிறான். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிகத் தூரமும் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் செல்ல வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுழலுமானால் டயர்கள் தேயும்; திரும்புவதே கடினமாகும். ஆகையால் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே டிபரென்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பை வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நீராவி வண்டியின் காலத்திலேயே, பிரெஞ்சு நாட்டுப் பெக்கர் என்பவர் இதனை வண்டிகளுக்கு வகுத்துத் தந்தார். சாலையில் இது பெரும் வரம். ஆனால் ஒரு சக்கரம் கட்டாந்தரையிலும் மற்றொன்று சேற்றிலும் நிற்கும்போது இந்த வரமே சாபமாகிறது. எளிதாகச் சுழலும் சக்கரத்தின் பக்கமே சுழற்சி முழுவதும் ஓடிவிடுகிறது. சேற்றிலுள்ள சக்கரம் வீணாகச் சுழல, கட்டாந்தரையிலுள்ள சக்கரம் கைகட்டி நிற்கிறது. எந்திரத்தில் நூறு குதிரைகளின் வலிமை இருந்தும் வண்டி ஓர் அங்குலமும் நகர்வதில்லை.

இதற்கு மாற்றுத் தேடியவர்கள் பலர். சக்கரத்தில் சங்கிலி சுற்றினர் சிலர். நான்கு சக்கரங்களையும் எந்திரத்தோடு இணைத்தனர் சிலர். உருசிய மன்னரின் மோட்டார்க் கொட்டிலில் பணிபுரிந்த கெக்ரெஸ் என்னும் பிரெஞ்சுக்காரர், பனியில் செல்வதற்காகப் பின்சக்கரங்களுக்குப் பதிலாக நெகிழும் பட்டையொன்றை அமைத்தார். அவ்வமைப்புக் கொண்ட ஐந்து சித்ரோயன் வண்டிகள் 1922 டிசம்பர் 17ஆம் நாள் அல்ஜீரியாவின் தூகூர் நகரிலிருந்து புறப்பட்டுச் சகாராவைக் கடந்து, 1923 சனவரி 7ஆம் நாள் திம்புக்துவை அடைந்தன. உலகம் வியந்தது. ஆயினும் பட்டை வண்டிகள் மெதுவாகச் செல்பவை; எரிபொருளை மிகுதியாக உண்பவை. சாதாரணச் சக்கரத்தைக் கொண்டே பாலையைக் கடக்க இயலாதா என்னும் கேள்வி எஞ்சி நின்றது.

அக்கேள்விக்கு விடை தேடியவர் ரால்ஃப் பாக்னால்ட் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1896இல் பிறந்த இவர் பொறியியற் பிரிவில் சேர்ந்து முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டில் பணியாற்றினார். 1926இல் எகிப்துக்கு மாற்றப்பட்டார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் இவரும் நண்பர்கள் சிலரும் தங்கள் கைப்பொருளைச் செலவிட்டுப் பழைய போர்டு மோட்டார்களில் பாலைவனத்துக்குச் சென்றனர்.

எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே 'பெரு மணற்கடல்' என்று வழங்கும் பரப்பு ஒன்று உண்டு. சுமார் 72,000 சதுரக் கிலோமீட்டர் அளவு, வடக்கு தெற்காக வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் மணற்குன்றுகளே அங்குள்ள அலைகள். 1874இல் ஒட்டகங்களுடன் வந்த செர்மானியப் பயணி ரோல்ஃப்ஸ் மேற்கு நோக்கி அக்குன்றுகளைக் கடக்க இயலாமல், வரிசைகளின் இடைவழியே வடக்கே திரும்பிச் சீவா என்னும் பசுஞ்சோலையை அடைந்தார். ஒட்டகமே தயங்கிய இடத்தில் மோட்டார் செல்லும் என்று யார் நம்புவார்? பாக்னால்ட் நம்பினார் என்று சொல்வதைவிட, சோதித்துப் பார்த்தார் என்று சொல்வதே பொருந்தும்.

அச்சோதனைகளில் அவர்கள் அறிந்தவை எளிய உண்மைகள். எளியவை என்பதாலேயே அவற்றை இங்கே விரித்துரைக்க விரும்புகிறேன்.

முதலாவது, டயரின் காற்றைக் குறைக்க வேண்டும். ஒட்டகத்தின் பாதம் அகன்றது. ஆகவே மணலில் ஆழப் புதைவதில்லை. டயருக்கும் அதுவே வழி. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதனுள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமானது. காற்றழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால், அதே சுமையைத் தாங்க டயர் ஏறக்குறைய இருமடங்கு இடத்தில் பரந்து படியும். மணலின் மேல் அழுத்தம் குறையும்; சக்கரம் புதையாது மிதந்து செல்லும். சாலையில் குற்றமாகக் கருதப்படுவது மணலில் குணமாகிறது.

இரண்டாவது, மணலைப் பார்த்தவுடன் அதன் உறுதியை அறிய வேண்டும். மணற்குன்றின் இரண்டு பக்கங்களும் ஒன்று போல இருப்பதில்லை. காற்று எதிர்கொள்ளும் பக்கத்தில் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகியிருக்கும், சரிவும் குறைவு. முகட்டைத் தாண்டி மறுபக்கம் விழும் மணலோ, இறுகாமல் நெகிழ்ந்து, ஏறத்தாழ 34 பாகைச் சரிவில் நிற்கும். முன்னது வண்டியைத் தாங்கும், பின்னது விழுங்கும். ஒரு நாள் பாக்னால்ட் மணிக்கு 40 மைல் வேகத்தில் ஒரு பெருங்குன்றின் உறுதியான பக்கத்தை நோக்கி நேராக மோட்டாரைச் செலுத்தினார். மணலில் மூக்கைப் புதைத்து நிற்கும் என்று அஞ்சிய வண்டி, குன்றின் மேலே எழும்பிச் சென்று முகட்டை அடைந்தது. மணற்கடலின் கதவு அன்று திறந்தது.

மூன்றாவது, அமைதியாக ஓட்ட வேண்டும். மென்மணலில் வண்டியைக் கொண்டு செல்வது எந்திரத்தின் வலிமை மட்டுமன்று. வண்டி ஏற்கெனவே பெற்றுள்ள வேகமும் ஆகும். திடீரென்று பிரேக்கை மிதித்தாலும், திடீரெனத் திருப்பினாலும், கியர் மாற்றுவதில் தாமதித்தாலும் அவ்வேகம் அழிந்துவிடும். புதைந்த பின்பு எந்திரத்தை முடுக்குவதோ பெரும்பேதைமை. சுழலும் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டுகிறது. அச்சு மணலில் தட்டும் வரை தோண்டிக்கொண்டே இருக்கிறது.

அப்படிப் புதைந்துவிட்டால் என்ன செய்வது? முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குக் கூரையிடப் பயன்பட்ட எஃகுத் தகடுகள் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையொன்றில் பாக்னால்ட் கண்ணில் பட்டன. நீண்டு, ஓரம் மடிந்து, வாய்க்கால் போன்ற வடிவுடைய அத்தகடுகளைச் சக்கரத்தின் முன்னே மணலைத் தோண்டிப் பதித்தார்கள். சக்கரம் தன் சாலையைத் தானே தூக்கிச் செல்லும் வழி பிறந்தது. இன்றும் பாலையில் செல்லும் வண்டிகளின் பக்கங்களில் அவற்றின் வழித்தோன்றல்களான துளைத் தகடுகள் தொங்குவதைக் காணலாம்.

1935இல் பாக்னால்ட் படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்று, காற்றுச் சுரங்கமொன்றைத் தாமே அமைத்து, மணல் எவ்வாறு நகர்கிறது, எவ்வாறு குன்றாகிறது என்று ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி நூல் 1941இல் வெளிவந்தது. அது வெளிவந்த காலத்தில் அதன் ஆசிரியர் மீண்டும் பாலைவனத்தில் இருந்தார். ஏனெனில் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது.

அவர் எகிப்துக்கு மீண்டதே ஒரு தற்செயல். 1939இல் அவரைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற கப்பல் மத்தியதரைக் கடலில் வேறொரு கப்பலுடன் மோதிப் பழுதுற்றது. பயணிகள் எகிப்தில் இறக்கப்பட்டனர். 1940 சூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. லிபியா அப்போது இத்தாலியின் ஆட்சியில் இருந்தது. எகிப்தின் மேற்கெல்லை முழுவதும் திறந்து கிடந்தது. மணற்கடலைத் தாண்டிப் பகைவரின் பின்புறத்தை உளவறியும் சிறுபடை ஒன்று வேண்டும் என்று பாக்னால்ட் விண்ணப்பித்தார். படைத்தலைவர் வேவல் இசைந்தார். சூலையில் தோன்றிய அப்படையே பின்னர் 'நெடுந்தொலைப் பாலைப் படை' என்று புகழ் பெற்றது. நியூசிலாந்துப் படையிலிருந்து முன்வந்த தொண்டர்கள் அதில் முதலில் சேர்ந்தனர். பண்ணைகளில் வளர்ந்து எந்திரங்களோடு பழகியவர்கள் அவருள் பலர். 1942இல் இந்தியப் படையைச் சார்ந்த நெடுந்தொலைப் பிரிவொன்றும் அப்படையோடு இணைந்து பணியாற்றியது.

அவர்கள் எடுத்துச் சென்ற லாரிகளின் வரலாறு நமக்கு ஒரு பாடம். முதலில் கிடைத்தவை ஒன்றரை டன் வகைச் செவ்ரோலே லாரிகள். பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே எந்திரத்தால் இயங்குபவை. 1941இல் அவற்றுக்குப் பதிலாக நான்கு சக்கரங்களும் இயங்கும் போர்டு லாரிகள் வந்தன. பிடிப்பு மிகுந்த வண்டிகள் அல்லவா? படையினர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அவை கனமானவை; பெட்ரோலை மிகுதியாகக் குடித்தன; எந்திரம் சூடேறியதால் முன்மூடியையே கழற்றிவிட்டு ஓட்ட வேண்டியதாயிற்று. கிணறும் கடையும் இல்லாத பாலையில், அதிகம் எரிபொருள் உண்ணும் வண்டி குறைந்த தூரமே செல்லும். 1942இல் அப்படை மீண்டும் செவ்ரோலே லாரிகளுக்கே திரும்பியது. அவையும் பின்சக்கரம் மட்டுமே இயங்குபவை. இரண்டு சக்கர இயக்கத்தின் குறையை டயர்க் காற்றும், எஃகுத் தகடும், ஓட்டுநரின் கண்ணும் ஈடுசெய்தன.

பிடிப்பைப் பற்றிப் பேசினோம். நிலைப்பைப் பற்றியும் பேச வேண்டும். சரிவில் குறுக்காகச் செல்லும் லாரியின் பளு கீழ்ப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. வண்டியின் எடை மையத்திலிருந்து நேர் கீழே இறக்கிய கோடு அச்சக்கரங்களுக்கு வெளியே போய்விடுமானால் வண்டி உருளும். பெட்ரோல் பீப்பாய்களும் தண்ணீர்த் தகரங்களும் உயரமாக அடுக்கிய லாரியில் அம்மையம் மேலே நிற்கிறது. ஆபத்து அண்மையில் நிற்கிறது. ஆகவே குன்றில் நேராக ஏற வேண்டும், நேராக இறங்க வேண்டும் என்பது பாலையின் சட்டமாயிற்று. அச்சட்டத்தையும் மீறிய கண்ணி ஒன்று உண்டு. சில குன்றுகளின் முகடு கத்தி முனை போன்றது. வேகமாக ஏறினால்தான் முகட்டை அடையலாம். அடைந்ததும் உடனே வேகத்தைத் தணிக்காவிட்டால் மறுபக்கத்துப் பள்ளத்தில் பாய நேரும். நண்பகலில் நிழலே விழாது. வெண்மணலில் முகடு எங்கே, பள்ளம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. 1942 செப்டம்பரில் பார்ச்சே விமானத்தளத்தைத் தாக்கச் சென்ற பயணத்தில், அத்தகைய முகடு ஒன்றில் ஜீப் கவிழ்ந்தது. குழுத்தலைவர் ஒருவர் காயமுற்றார். அவருடைய ஓட்டுநரின் முதுகெலும்பு முறிந்தது. பகைவரின் குண்டு ஒன்றேனும் வெடிப்பதற்கு முன்பே மணல் தன் பலியை வாங்கிக்கொண்டது.

போர்க்காலத்திலேயே எந்திர வல்லுநர்கள் ஓட்டுநரின் கைவேலைகளை ஒவ்வொன்றாக எந்திரத்துக்குக் கற்பிக்கத் தொடங்கினர். அமெரிக்காவில் 1942இல் உருவான 'டக்' என்னும் நீர்நில லாரி அதற்குத் தக்க சான்று. கடலில் நீந்திக் கடற்கரை மணலில் ஏறும் அவ்வண்டியில், ஓட்டுநர் இருக்கையில் இருந்தவாறே டயரின் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் இயன்றது. செர்மனியில் 1948இல் உற்பத்தியாகத் தொடங்கிய யூனிமாக் என்னும் பண்ணை வண்டியில் டிபரென்ஷியலைப் பூட்டிவிடும் அமைப்பு முன்னச்சிலும் பின்னச்சிலும் இருந்தது. பூட்டினால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும். ஒன்று சேற்றில் இருப்பினும் மற்றொன்று வேலை செய்யும். 1956இல் போலந்து நாட்டில் பிறந்த பெக்கர் என்னும் பொறியாளர், மண்ணின் மேல் வண்டி இயங்கும் முறையைக் கணித நூலாகவே எழுதினார். முன்பு கூறிய பிரெஞ்சுப் பெக்கர் வேறு, இவர் வேறு. 1971இல் சந்திரனில் ஓடிய மோட்டார் வண்டியை வகுத்ததில் இவருக்கும் பங்கு உண்டு. அவ்வண்டிக்குக் காற்றடைத்த டயர் இல்லை. கம்பி வலையால் பின்னிய சக்கரங்களே இருந்தன.

அடுத்து வந்தது மின்னணுவியலின் காலம். 1978இல் செர்மானிய மோட்டார்களில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி தோன்றியது. 1981இல் அது லாரிகளுக்கும் வந்தது. பின்னர் சக்கரம் வீணாகச் சுழலும்போது எந்திரத்தின் விசையைக் குறைத்துச் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடிக்கும் கருவி பிறந்தது. 1995இல் இவற்றுக்கு மேலான மற்றொன்று வந்தது. ஓட்டுநர் எந்தத் திசையில் செல்ல விரும்புகிறார் என்பதை ஸ்டியரிங்கின் திருப்பத்திலிருந்து அது அறிகிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை உணர்கருவியால் அளக்கிறது. இரண்டும் பொருந்தாவிடில், ஓட்டுநர் உணர்வதற்கு முன்பே ஏதேனும் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்குகிறது. உயரமான வண்டிகள் தனியே வழிதவறி விபத்துக்குள்ளாவதை இக்கருவி 59 விழுக்காடு குறைக்கும் என்று அமெரிக்க அரசு 2007இல் கணித்து, அதைக் கட்டாயமாக்கியது. 2015இல் கனரக லாரிகளுக்கும் இத்தகைய விதி செய்யப்பட்டது. இக்கருவி காத்த உயிர்கள் பல.

இவ்வளவு அறிவுடைய கருவி மணலில் என்ன செய்கிறது? இங்கேதான் நம் வரலாறு மீண்டும் பாக்னால்டிடம் வருகிறது. சாலையில் சக்கரம் சுழல்வது பிழை. ஆகவே கருவி எந்திரத்தின் விசையைக் குறைக்கிறது. மணற்குன்றில் ஏறும் லாரியின் சக்கரமோ ஓரளவு சுழன்றே தீர வேண்டும். அப்போது விசையைக் குறைத்தால் வேகம் அழிகிறது. வேகம் அழிந்தால் வண்டி புதைகிறது. பிரேக்கின் நிலையும் அதுவே. இளகிய மணலிலும் சரளையிலும் பூட்டிய சக்கரம் தன் முன்னே மண்ணை மேடாகக் குவித்து, அம்மேட்டில் முட்டி விரைவில் நிற்கும். பூட்டாமல் காக்கும் கருவி அம்மேடு குவிய விடுவதில்லை. ஆகவே வண்டி நெடுந்தூரம் சென்றே நிற்கும். கருவியின் மேல் குற்றமில்லை. அது தார்ச்சாலையில் படித்தது. அங்கே படித்ததை மணலிலும் ஒப்பிக்கிறது.

ஆனால் பாறை வழியில் அதே கருவி நல்ல துணைவன். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சுழலும்போது அதைப் பிரேக்கால் பிடித்து நிறுத்தினால், டிபரென்ஷியல் வழியே விசை மற்றச் சக்கரத்துக்குச் செல்கிறது. சாபம் மீண்டும் வரமாகிறது. ஆகவே கருவி நல்லதா தீயதா என்று கேட்பதில் பயனில்லை. எந்த நிலத்தில் என்று கேட்பதே அறிவு. இதை உணர்ந்தே பொறியாளர்கள் அதனை அடக்கி வைக்க ஒரு பொத்தானை அமைத்தனர். 2004இல் ஆங்கில வண்டியொன்றில் மணல், சேறு, பாறை என்று நிலத்தைக் குறித்துத் திருப்பும் குமிழும் வந்தது. கருவி தன் நடையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். ஆனால் குமிழைத் திருப்பும் கை யாருடையது? நிலத்தைப் பார்த்து, இது உறுதியான மணல், இது நெகிழ்ந்த மணல் என்று துணிபவர் யார்?

பூமியை விட்டுச் சென்றாலும் இக்கேள்வி நம்மை விடுவதில்லை. 2009இல் செவ்வாய்க் கோளில் ஸ்பிரிட் என்னும் ஆறு சக்கர ஆய்வு வண்டி, மேலே இறுகி உள்ளே இளகிய மண்ணில் புதைந்தது. அதன் மாதிரி வண்டியொன்றைப் பூமியில் மண் நிரப்பிய தொட்டியில் வைத்துப் பல மாதங்கள் சோதித்தும், ஸ்பிரிட்டை மீட்க இயலவில்லை. 2010 மார்ச்சு 22க்குப் பின் அதனிடமிருந்து செய்தி வரவேயில்லை. எஃகுத் தகட்டைச் சக்கரத்தின் முன்னே பதிக்க அங்கே ஓர் ஆள் இல்லை. 2015இல் கியூரியாசிட்டி என்னும் மற்றொரு வண்டி அக்கோளின் மணற்குன்றுகளை ஆராயச் சென்றது. அக்குன்றுகளுக்கு 'பாக்னால்ட் குன்றுகள்' என்று பெயரிட்டிருக்கின்றனர். 1990இல் மறைந்த அம்மனிதர், தம் விடுமுறை நாட்களில் பழைய மோட்டாரை ஓட்டிக் கற்ற பாடத்துக்கு உலகம் செய்த மரியாதை அது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை இத்தகைய எந்திரங்களை இயக்கலாம். சிலர் அவற்றைப் படைக்கவும் செய்யலாம். எந்திரம் வளர வளர மனிதனின் வேலை குறையும் என்பது பொதுக்கருத்து. கைவேலை குறைவது மெய்யே. கண்ணின் வேலையும் கருத்தின் வேலையும் குறைவதில்லை. டயரில் காற்றைக் குறைக்க இன்று ஒரு விசையைத் தொட்டால் போதும். எப்போது குறைப்பது என்பதை நிலத்தை அறிந்தவனே அறிவான்.